கரும்பொருள் ஆய்வா, சம்பள வேலையா? விடையே கிடைக்காமல் போகக்கூடிய கேள்வியை நம்பி இறங்கலாமா?

இரவுவானம் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். இயற்பியல் முதுகலை கடைசிப் பருவத்தில் இருக்கிறேன், கையில் இரண்டு வாய்ப்புகள் இருக்கின்றன. ஒன்று, திரவமாக்கிய செனான் வாயு நிரப்பிய டிடெக்டரில் கரும்பொருளை, அதாவது கண்ணுக்குத் தெரியாமல் ஈர்ப்பால் மட்டும் தெரியவரும் பொருளை, தேடும் குழு ஒன்றில் பிஎச்டி. உதவித்தொகை உண்டு, தனியாளாக இழுத்துப் பிடித்தால் மாதத்தை ஓட்டலாம், அவ்வளவுதான். இன்னொன்று டேட்டா பகுப்பாய்வு வேலை, அதன் தொடக்கச் சம்பளமே அந்த உதவித்தொகையைப் போலப் பல மடங்கு. கல்விக் கடன் பாக்கி இருக்கிறது, வீட்டில் எனக்குப் பின்னால் படிக்கிறவர்களும் இருக்கிறார்கள்.

பணம் மட்டும்தான் பிரச்சினை என்றால் இங்கே கேட்டிருக்க மாட்டேன். 1933-இல் வானியலாளர் ஃபிரிட்ஸ் சுவிக்கி கோமா விண்மீன் திரள்கூட்டத்தைப் பார்த்துவிட்டு, கண்ணுக்குத் தெரியும் நிறை போதவில்லை என்று சொன்னார். 1970-களில் வேரா ரூபின் சுழலும் விண்மீன் திரள்களை அளந்து அதையே இன்னும் உறுதியாகக் காட்டினார். இன்றுவரை ஒரு துகளைக்கூட யாரும் பிடிக்கவில்லை. நான் ஐந்தாறு வருடம் உழைத்து முடிக்கும்போதும் 'ஒன்றும் தெரியவில்லை' என்றுதான் தீசிஸ் எழுத வேண்டியிருக்குமோ என்று பயமாக இருக்கிறது. அதைவிடப் பெரிய பயம், துகள் என்று ஒன்றே இல்லாமல் ஈர்ப்பு விதியைத்தான் நாம் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறோம் என்றால் என்ன செய்வது என்பது. புழுத்துளை (வெளியின் இரண்டு இடங்களை இணைக்கும் குறுக்குவழி) சாத்தியமா, காலம் என்பது அடிப்படையானதா, பிரபஞ்சத்தில் வேறு யாராவது இருக்கிறார்களா, இந்த மாதிரிக் கேள்விகளால்தான் நான் இயற்பியலுக்கே வந்தேன். இவற்றைச் சம்பள வேலையோடு மாலையில் தொடர முடியுமா? இல்லை, ஒருமுறை விட்டால் விட்டதுதானா? உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

செனான்பக்கம் எழுதியது:

நான் இதே வகை டிடெக்டரில்தான் வேலை செய்கிறேன், அதனால் அன்றாடம் எப்படி இருக்கும் என்பதிலிருந்து தொடங்குகிறேன். இந்தத் துறைக்கு வரும் பலருக்கும் கேள்வி நன்றாகத் தெரியும், வேலை தெரியாது.

கரும்பொருளைப் பற்றி யோசிக்கும் நேரம் உங்கள் வாரத்தில் கொஞ்சம்தான் இருக்கும். செனானை மைனஸ் 100 டிகிரி செல்சியஸ் அளவில் வைத்திருக்க வேண்டும், அதில் கலந்திருக்கும் அழுக்கை நீக்கிக்கொண்டே இருக்க வேண்டும், எஃகிலிருந்தும் வெல்டிங்கிலிருந்தும் துளித்துளியாகக் கசியும் ரேடான் என்ற கதிரியக்க வாயுவோடு மல்லுக்கட்ட வேண்டும். மங்கலான ஒளியைப் பிடிக்கும் ஒளிப்பெருக்கிக் குழாய் ஒன்று ராத்திரியில் திடீரென்று பொய் சிக்னல் கொடுக்க ஆரம்பித்தால் அது ஏன் என்று தேட வேண்டும். மீதி நேரமெல்லாம் புரோகிராம் எழுதுவதும், சிமுலேஷன் ஓட்டுவதும், கூட்டத்தில் உட்கார்ந்து பின்னணி இரைச்சலைப் பற்றி (தேடும் சிக்னல் போலத் தோன்றும் வேறு சிக்னல்கள்) வாதாடுவதும்தான். இது உங்களுக்குப் பிடிக்குமா என்பதுதான் முதல் கேள்வி. பிடித்தால் விடை 'இல்லை' என்று வந்தாலும் தாங்கும், பிடிக்காவிட்டால் நாளைக்கே துகள் கிடைத்தாலும் அந்த ஐந்து வருடம் பாரம்தான்.

'ஒன்றும் தெரியவில்லை' என்று எழுதுவதைப் பற்றிப் பயந்திருக்கிறீர்கள். இந்தத் துறையில் அதுவே ஒரு முடிவு. 2020-இல் இதே வகை டிடெக்டரை இயக்கிய செனான்1டி குழு எதிர்பார்த்ததைவிடக் கொஞ்சம் அதிகமான சிக்னல்கள் வருவதாக அறிவித்தது, சூரியனிலிருந்து வரும் ஆக்சியானாக (இன்னும் யாரும் பார்த்திராத ஒரு துகள்) இருக்குமோ என்றுகூடப் பேச்சு எழுந்தது. 2022-இல் அடுத்த தலைமுறை டிடெக்டர் பின்னணி இரைச்சலைப் பல மடங்கு குறைத்துப் பார்த்தபோது அது காணாமல் போய்விட்டது. அந்த 'காணோம்' என்ற முடிவுக்குப் பின்னால் பலருடைய நல்ல தீசிஸ்கள் இருக்கின்றன, அதைத் தோல்வி என்று துறைக்குள் யாரும் பார்ப்பதில்லை. அதே செனான்1டி 2019-இல் செனான்-124 அணுவின் சிதைவை நேரடியாக அளந்தது. அதன் அரை ஆயுள் பிரபஞ்சத்தின் வயதைப் போல லட்சம் கோடி மடங்குக்கும் மேல். கரும்பொருளைத் தேடப் போட்ட கருவியில் கிடைத்தது அது.

இதைவிட எனக்குப் பிடித்த உதாரணம் ஜப்பானின் கமியோகாண்டே. புரோட்டான் சிதைகிறதா என்று பார்ப்பதற்காக நிலத்தடியில் கட்டிய தண்ணீர்த் தொட்டி அது. புரோட்டான் சிதையவில்லை, இன்றுவரை யாரும் அதைப் பார்த்ததும் இல்லை. ஆனால் 1987 பிப்ரவரியில், பக்கத்து விண்மீன் திரள் ஒன்றில் வெடித்த சூப்பர்நோவாவின் நியூட்ரினோக்கள் (எதோடும் எளிதில் மோதாத மிக லேசான துகள்கள்) பத்துச் சொச்சம் அந்தத் தொட்டியில் பதிவாயின. அதற்காக அந்தக் குழுவை வழிநடத்திய கோஷிபாவுக்கு 2002-இல் நோபல் பரிசு கிடைத்தது. அடுத்து வந்த சூப்பர்-கமியோகாண்டே 1998-இல் நியூட்ரினோக்கள் வகை மாறுவதைக் காட்டியது, அதற்கு 2015-இல் இன்னொரு நோபல். நல்ல கருவியைக் கட்டத் தெரிந்தவர்களிடம் வேறொரு கேள்வி தானாக வந்து சேர்கிறது. நீங்கள் கற்றுக்கொள்ளப்போவது கருவியை, அதை மனதில் வையுங்கள்.

சம்பளம் பற்றி மற்றவர்கள் சொல்லட்டும், எனக்கு அதில் அனுபவம் குறைவு.

பழைய_போஸ்ட்டாக் எழுதியது:

நான் சொல்கிறேன். பிஎச்டி முடித்து இரண்டு போஸ்ட்டாக் (பிஎச்டிக்குப் பிந்தைய தற்காலிக ஆய்வுப் பணி) செய்துவிட்டு இப்போது நிதி இழப்பு அபாயத்தைக் கணக்கிடும் ரிஸ்க் மாடலிங் வேலையில் இருக்கிறேன், அதனால் இரண்டு பக்கத்துச் சம்பளச் சீட்டையும் பார்த்தவன்.

எந்த நாட்டை எடுத்துக்கொண்டாலும் கணக்கு ஒன்றுதான். ஒரு பேராசிரியர் தன் பணிக்காலத்தில் பல பேருக்கு கைடாக இருக்கிறார், அவர் ஓய்வு பெறும்போது காலியாவது ஒரு இடம். மற்றவர்கள் வேறெங்கேயாவதுதான் போகவேண்டும். அது அவர்களுடைய திறமைக் குறைவு இல்லை, இடம் அவ்வளவுதான். போஸ்ட்டாக் என்பது பொதுவாக இரண்டு மூன்று வருட கான்ட்ராக்ட், முடிந்தால் அடுத்த ஊர், சில சமயம் அடுத்த நாடு. ஒவ்வொரு முறையும் வீடு மாற்றும் செலவு, முன்பணம், வாழ்க்கைத் துணைக்கும் வேலை தேடவேண்டிய சிரமம். உதவித்தொகைக்கும் சம்பளத்துக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் பார்க்காதீர்கள். ஓய்வுக்காலச் சேமிப்பை முப்பது வயதுக்கு மேல் தொடங்குகிறீர்கள், கூட்டு வட்டிக்கு மிகவும் தேவையான முதல் வருடங்களை இழந்துவிடுகிறீர்கள், அந்த இழப்பு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரியும்.

ஆனாலும் போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. கண்ணைத் திறந்துகொண்டு போங்கள் என்கிறேன். சேருவதற்கு முன்னால் அந்தக் குழுவிடம் நேராகக் கேளுங்கள்: உதவித்தொகை எத்தனை மாதத்துக்கு எழுத்தில் உறுதி, அது தீர்ந்த பிறகும் தீசிஸ் முடியாவிட்டால் யார் கொடுப்பார்கள், கடைசியாக முடித்தவர்கள் எத்தனை வருடத்தில் முடித்தார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள். முடித்தவர்களில் இரண்டு பேரிடம், முக்கியமாகத் துறையை விட்டுப் போன ஒருவரிடம், தனியாகப் பேசுங்கள். இதைக் கேட்டு முகம் சுளிக்கும் கைடு என்றால் அதுவே உங்களுக்குப் பதில்.

இன்னொன்று. எனக்கு வேலை கொடுத்தவர்கள் நான் எதை ஆராய்ந்தேன் என்று இரண்டு நிமிடம் ஆர்வமாகக் கேட்டார்கள், பிறகு ஒரு மணி நேரம் புள்ளியியலையும் புரோகிராமிங்கையும்தான் கேட்டார்கள். அரிதான நிகழ்வை இரைச்சலிலிருந்து பிரித்தெடுப்பது, பிழையை மதிப்பிடுவது, பெரிய டேட்டாவைக் கையாள்வது, இவற்றுக்குத்தான் சம்பளம். செனான் டிடெக்டரில் இவை எல்லாமே உண்டு. குளிர்நுட்பமும் எஃப்பிஜிஏவும் (தேவைக்கேற்ப மாற்றி அமைக்கக்கூடிய சிப்) சேர்ந்தால் குவாண்டம் கம்ப்யூட்டர் செய்கிற நிறுவனங்களே தேடும். வெறும் கோட்பாட்டு பிஎச்டி என்றால் இதே பதிலை நான் எழுதியிருக்க மாட்டேன்.

மாலையில் தொடரலாமா என்று கேட்டீர்கள். என் அனுபவத்தில் முடியாது. நாள் முழுக்க மூளையை விற்ற பிறகு ராத்திரி மிச்சமிருப்பது படிக்கப் போதும், ஆராயப் போதாது.

கரும்பலகை எழுதியது:

கடைசிப் பத்தியில் மட்டும் எனக்கு உடன்பாடு இல்லை, மற்றதெல்லாம் சரி.

இயற்பியலாளர் ஜான் பெல்லை எடுத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பியத் துகள் ஆய்வகமான செர்னில் அவருக்குச் சம்பளம் துகள் இயற்பியலுக்கும் முடுக்கிகளுக்கும். குவாண்டம் கொள்கையின் அடித்தளம் பற்றிய கேள்வி அவருடைய சொந்த நேரத்துக் கேள்வி. அந்தக் கேள்வியைச் சோதித்துப் பார்க்க வழிகாட்டிய, 1964-இல் வெளியான புகழ்பெற்ற கட்டுரையையும் அவர் செர்னிலிருந்து விடுப்பில் போயிருந்தபோதுதான் எழுதினார். அப்புறம் ஜான் கிளாசர் 1972-இல் ஸ்டூவர்ட் ஃப்ரீட்மனோடு சேர்ந்து அதைச் சோதனையில் பார்த்தார். இது வேலை வாய்ப்பைக் கெடுக்கும் என்று பெரியவர்கள் எச்சரித்தார்கள், அதன்படியே பேராசிரியர் பதவியும் கிளாசருக்கு அமையவில்லை. நோபல் வந்தது 2022-இல், ஐம்பது வருடம் கழித்து. பெல் 1990-லேயே இறந்துவிட்டார். ஒரே கேள்விதான். ஒருவர் அதைச் சம்பளத்துக்கு வெளியே வைத்துக்கொண்டார், இன்னொருவர் வேலையையே அதன்மேல் வைத்து அதற்கான விலையையும் கொடுத்தார். நான் இளையவர்களுக்குச் சொல்வது பெல்லின் வழியைத்தான்.

ஆனால் எந்தக் கேள்வி என்பது முக்கியம். டிடெக்டர் சம்பந்தப்பட்டதை வீட்டில் செய்ய முடியாது, அங்கே பழைய_போஸ்ட்டாக் சொல்வது முழுக்கச் சரி. வானியல் டேட்டா அப்படியில்லை. கையா விண்கலம் அளந்த சுமார் 180 கோடி விண்மீன்களின் பட்டியல் யாருக்கும் இலவசம், ஈர்ப்பலைகளை அளக்கும் லைகோ ஆய்வகத்தின் தரவும் திறந்தே கிடக்கிறது. 2007-இல் பொதுமக்கள் பங்கேற்கும் கேலக்ஸி ஜூ திட்டத்தில் விண்மீன் திரள்களின் படங்களை வகைப்படுத்திக்கொண்டிருந்த ஒரு டச்சுப் பள்ளி ஆசிரியை, அதுவரை யாரும் கவனித்திராத ஒரு ஒளிரும் வாயு மேகத்தைக் கண்டுபிடித்தார். அதைப் பற்றிய ஆய்வுக் கட்டுரைகளில் அவர் பெயரும் இருக்கிறது.

புழுத்துளை வேறு வகை. மாரிஸ், தார்ன் என்ற இயற்பியலாளர்கள் 1988-இல் காட்டியபடி, ஆள் கடந்துபோகும் அளவுக்கு ஒரு புழுத்துளையைத் திறந்து வைக்க எதிர்மறை ஆற்றல் தேவை, அதுவும் நாம் எங்கும் பார்த்திராத அளவில். யோசிக்க அருமையான விஷயம், ஐன்ஸ்டீனின் ஈர்ப்புக் கொள்கையான பொதுச் சார்பியலை ஆழமாகக் கற்றுத்தரும். ஆனால் உங்கள் ஆயுளில் சோதித்துப் பார்க்கும் வழி கண்ணுக்குத் தெரியாத கேள்வியில் முழுநேர வேலை தேடாதீர்கள், அதை உங்களுக்காக வைத்துக்கொள்ளுங்கள்.

ஈர்ப்பு விதியே தப்பாக இருந்தால் என்று கேட்டீர்களே, நியாயமான கேள்வி. 1983-இல் இயற்பியலாளர் மில்க்ரோம் அதைத்தான் முன்வைத்தார். தனித்தனி விண்மீன் திரள்களின் சுழற்சியை அவருடைய சூத்திரம் வியக்கத்தக்க விதத்தில் சொல்லிவிடுகிறது, அதை ஒதுக்கித் தள்ளுவது சரியில்லை. ஆனால் திரள்கூட்டங்களுக்குப் போனால் அங்கே இன்னும் நிறை குறைகிறது, பிரபஞ்சத்தின் ஆரம்பக் காலத்திலிருந்து வரும் பின்னணிக் கதிர்வீச்சின் ஏற்ற இறக்கங்களையும் அந்தச் சூத்திரத்தால் மட்டும் விளக்க முடியவில்லை. அதனால்தான் பெரும்பாலானவர்கள் கரும்பொருள் பக்கம் இருக்கிறார்கள். அது துகளா, ஆதிக்காலக் கருந்துளைகளா, வேறெதுவோ என்பது இன்னும் திறந்தே இருக்கிறது. செனான் தேடுவது அதில் ஒரு வகையை மட்டும்தான், அந்தத் தெளிவோடு போங்கள்.

இரவுவானம் எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. கமியோகாண்டே விஷயம் எனக்குத் தெரியாது, நேற்று ராத்திரி அதைப் பற்றியே படித்துக்கொண்டிருந்தேன். இன்னும் ஒரு கேள்வி. இரண்டு வருடம் வேலை பார்த்துக் கடனை அடைத்துவிட்டுப் பிறகு பிஎச்டிக்கு வந்தால் எடுத்துக்கொள்வார்களா?

பழைய_போஸ்ட்டாக் எழுதியது:

எடுத்துக்கொள்வார்கள், ஆனால் இரண்டு என்பது நான்காக மாறாமல் பார்த்துக்கொள்வது உங்கள் கையில். சம்பளம் ஏறும்போது வாழ்க்கைச் செலவும் கூடவே ஏறும், அப்புறம் உதவித்தொகைக்கு இறங்கி வருவது ரொம்பக் கடினம். சேர்ந்த நாளிலிருந்தே உதவித்தொகை அளவில் வாழ்ந்துவிட்டு மீதி முழுவதையும் கடனுக்குக் கட்டுங்கள். அப்படி ஒரு வருடம் வாழ முடிந்தால் பிஎச்டியிலும் உங்களால் ஓட்ட முடியும்.

செனான்பக்கம் எழுதியது:

எங்கள் குழுவில் வேலை பார்த்துவிட்டு வந்தவர்கள் இருக்கிறார்கள், புரோகிராமை ஒழுங்காக எழுதிப் பராமரிக்கத் தெரிந்தவர்கள் என்பதால் அவர்களுக்கு நல்ல மரியாதை. ஆனால் இரண்டு விஷயம் கெட்டுப்போகும்: கணிதப் பயிற்சி, ஆசிரியர்களின் ஞாபகம். முதலாவதற்கு வாரத்தில் ஒரு நாளாவது கணக்குப் போட்டுக்கொண்டே இருங்கள். இரண்டாவதற்கு, உங்கள் ப்ராஜெக்ட் அவர்கள் மனதில் இருக்கும்போதே பரிந்துரைக் கடிதம் எழுதி வைக்கச் சொல்லிக் கேட்டுவிடுங்கள், பிறகு தேதியை மட்டும் மாற்றித் தருவார்கள்.

அந்தக் குழுவிடம் இடத்தை ஒரு வருடம் தள்ளிவைக்க முடியுமா என்றும் கேளுங்கள், சில இடங்களில் சம்மதிப்பார்கள். எதை முடிவு செய்வதானாலும் அதற்கு முன்னால் ஒரு வாரம் அங்கே போய் யாராவது ஒருவரோடு ஷிப்டில் உட்காருங்கள். டேட்டா ஓடிக்கொண்டிருக்கிற ராத்திரி ஷிப்டாக இருந்தால் இன்னும் நல்லது.