பைக் ஓட்ட அளவெடுத்து செய்யுற இயர் பிளக் கம்மி விலைல கிடைக்குமா?

ரோட்டுப்புலி: சென்னை டு பெங்களூர் போயிட்டு வந்தேன், ஹெல்மெட்ட கழட்டி ரெண்டு மணி நேரம் ஆகியும் காதுல கொய்ய்ய்னு ஒரே சத்தம். ஃபோம் பிளக் ஹெல்மெட் மாட்டும்போதே பிதுங்கி வந்துடுது. அளவெடுத்து செய்ய எங்க போறது, பட்ஜெட் கம்மி ப்ரோ.

டபுள்சைலன்சர்: ஹியரிங் எய்ட் சென்டர்ல கேளுங்க. காதுக்குள்ள குட்டி பஞ்சு வச்சு சிலிகோன் பேஸ்ட் விட்டு அஞ்சு நிமிஷத்துல அச்சு எடுப்பாங்க. வெளிய நீட்டாம செய்ய சொல்லுங்க, இல்லனா ஹெல்மெட் இடிச்சு வலில உயிர் போயிடும்.

பழைய_பைக்கர்: காசு போடுறதுக்கு முன்னாடி ஃபோம ஒழுங்கா மாட்டிப் பாருப்பா. மெல்லிசா உருட்டி, இன்னொரு கைய தலைக்குப் பின்னாடி கொண்டுபோய் காத மேல இழுத்து, உள்ள விட்டு அரை நிமிஷம் அமுக்கிப் பிடி. 100ல போனா காத்து சத்தமே 90 டெசிபல் தாண்டும், விளையாட்டில்ல.

ரோட்டுப்புலி: அடச்சே, நான் உருட்டாமலே சொருகிட்டு இருந்திருக்கேன் 😅