கடையாலுமூடு குடும்பம்: அயினி விழுந்த சனிக்கிழமை

ஜஸ்டின், காலை 6:41
ராத்திரி காற்றில் கிணற்றடி அயினி மரம் சாய்ந்துவிட்டது. யாருக்கும் ஒன்றும் இல்லை. தொழுவத்து ஓடும் ஒரு பக்கச் சுவரும் போச்சு.
[படம்] [படம்]

லீலா அத்தை, 6:44
ஐயோ. அப்பா நட்ட மரம்.

மினி அக்கா, 6:45
கறுப்பிக்கு ஒன்றும் இல்லையே?

ஜஸ்டின், 6:46
அவள் வெளியே நின்று வாழை இலை தின்கிறாள்.

பினு (ஷார்ஜா), 6:50
வேரோடவா?

ஜஸ்டின், 6:51
வேரோடு. வேர்ப்பகுதி ஆள் உயரத்துக்கு எழும்பி நிற்கிறது. அடியில் பெரிய குழி. மரம் வெட்டும் ஆளைக் கூப்பிட்டேன், புதன்கிழமைதான் வருவாராம். எல்லா இடத்திலும் மரம் விழுந்திருக்கிறது.

பிரேமா சித்தி, 6:58
ஷைனி கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள். அதே முற்றத்தில்தான் பந்தல். அதுவரை இப்படிக் கிடக்குமா?

பிரேமா சித்தி, 6:59
ஒரு சந்தேகம். இதை விறகு கீறிப் போட்டால் சமையலுக்கு ஆகுமா? விறகுச் செலவு மிச்சம்.

செல்வம் சித்தப்பா, 7:06
ஆகாது. பச்சை மரம் முழுக்கத் தண்ணீர். தீயின் சூட்டில் ஒரு பங்கு அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே போய்விடும். புகைதான் மிஞ்சும். அதிலும் அயினி சக்கை (பலா) இனம், பசை வேறு. கல்யாண வீட்டில் எல்லாரும் கண்ணைக் கசக்கிக்கொண்டு சாப்பிட வேண்டும். கிளைகளை இப்போது கீறி மழை படாமல் அடுக்கினால் அடுத்த கிறிஸ்துமஸுக்கு எரிக்கலாம். கல்யாணத்துக்கு ஷெட்டில் கிடக்கும் உலர்ந்த ரப்பர் விறகு போதும். ஆனால் தடியை (அடிமரத்தை) ஒரு துண்டுகூட விறகாக்கக் கூடாது. குட்டநாட்டில் சுண்டன் வள்ளம் (பாம்புப் படகு) கட்டுவது இந்த மரத்தில்தான். தண்ணீரில் கிடந்தாலும் லேசில் கெடாது. இதில் ஷைனிக்குக் கட்டிலும் அலமாரியும் செய்தால் அவள் பேரப்பிள்ளை காலத்துக்கும் இருக்கும்.

மினி அக்கா, 7:08
பன்னிரண்டு நாளில் கட்டிலா சித்தப்பா?

செல்வம் சித்தப்பா, 7:09
பலகை ஆக்கி நிழலில் ஒரு வருஷம் காய வேண்டும். கட்டில் அடுத்த வருஷம்.

பிரேமா சித்தி, 7:10
அதுவரை அவள் பாயில் படுக்கட்டும். ஷைனி அப்பா, சமையல்காரருக்கு முன்பணம் கொடுத்தீர்களா?

செல்வம் சித்தப்பா, 7:15
அப்பாவின் மரம் அறுக்கும் மெஷின் வாள் எங்கே இருக்கிறது?

பினு (ஷார்ஜா), 7:16
ஸ்டில் 070! இன்னும் இருக்கிறதா அது?

தங்கராஜ் பெரியப்பா, 7:31
என்னிடம் இல்லை.

பினு (ஷார்ஜா), 7:33
அப்பா, நம் மோட்டார் ஷெட்டில்தான். சாக்கில் சுற்றி, உர மூட்டைக்குப் பின்னால்.

தங்கராஜ் பெரியப்பா, 7:34
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

மினி அக்கா, 7:34
நான் வாசித்துவிட்டேன் மாமா

லீலா அத்தை, 7:40
98இல் தேக்கும் இப்படித்தான். முதலில் இல்லை, பிறகு இருந்தது, பிறகு விற்றுவிட்டது.

தங்கராஜ் பெரியப்பா, 7:42
லீலா, அந்தப் பணம் அம்மா ஆஸ்பத்திரிக்குப் போனது. கணக்கு நோட்டு இருக்கிறது.

லீலா அத்தை, 7:42
நோட்டை நானும் இருபத்தைந்து வருஷமாய்க் கேட்கிறேன் அண்ணன்.

சாந்தா, 7:45
காலையிலே வேண்டாம். ஜஸ்டின் போய் வாளை எடுத்து வரட்டும்.

ஜஸ்டின், 7:46
ஸ்கூட்டியிலா அம்மா? அது சங்கிலி ஓடும் பார் இல்லாமலே பத்து கிலோவுக்கு மேல்.

செல்வம் சித்தப்பா, 7:58
கால் வைக்கும் இடத்தில் நிறுத்தி வை. சங்கிலியைக் கழற்றித் துணியில் சுற்று. முக்கியமாக, அங்கேயே ஸ்டார்ட் செய்து பார்க்காதே. ஓகி புயலுக்குப் பிறகு யாரும் தொட்டதில்லை. டேங்கில் பழைய பெட்ரோல் கிடந்தால் அது இப்போது பெட்ரோல் இல்லை, வார்னிஷ். அந்த மெஷின் அறுபதுகளில் வந்த மாடல், 106 சிசி. அப்பா 84இல் புனலூரில் பழையதாக வாங்கியது. இப்போது பெட்ரோல் பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனால் காற்றிலிருந்து ஈரம் இழுக்கும், கார்புரேட்டருக்குள் இருக்கும் ரப்பர் டயாஃப்ரத்தைக் கெடுக்கும். டயாஃப்ரம் விறைத்துப் போனால் எத்தனை இழுத்தாலும் பெட்ரோல் ஏறாது. வாள் செத்துவிட்டது என்று பழைய இரும்புக்குப் போடுவார்கள். உண்மையில் போனது ஒரு சின்ன ரப்பர் துண்டு. அதனால்தான் வேலை முடிந்ததும் டேங்கைக் காலி செய்து, தானாக அணையும்வரை ஓடவிட வேண்டும் என்பது. இதை நான் 2017இலேயே சொன்னேன்.

தங்கராஜ் பெரியப்பா, 8:01
காலி செய்துதான் வைத்தேன்.

பினு (ஷார்ஜா), 8:02
அப்பா 

மினி அக்கா, 8:03
இல்லாத வாளை எப்படி மாமா காலி செய்தீர்கள்

பிரேமா சித்தி, 8:05
சமையல்காரருக்கு முன்பணம்.

ஜஸ்டின், 10:52
வந்தாச்சு. உள்ளே எலிக்கூடு. பிளக் கருப்பு. டேங்க் காலி, பெரியப்பா சொன்னது உண்மை.
[படம்]

லீலா அத்தை, 10:54
அப்பாவின் கைப்பிடித் துணி இன்னும் இருக்கிறதே.

சாந்தா, 10:55
அது என் கல்யாணச் சேலைக் கரை. மாமா கேட்காமல் கிழித்தது.

செல்வம் சித்தப்பா, 11:10
துணியை மாற்ற வேண்டாம். நான் இரண்டு மணிக்கு அங்கே இருப்பேன். அதற்குள் நீ செய்ய வேண்டியது: ஏர் ஃபில்டரைச் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காய வை. கூலிங் ஃபின்களுக்கு நடுவே இருக்கும் தூளையும் எலிக்கூட்டையும் குச்சியால் எடு, இல்லையென்றால் சூடு ஏறி பிஸ்டன் பிடித்துவிடும். ஃப்ளைவீலுக்கு அடியில், ஸ்பார்க்குக்காக மின்சாரத்தை வெட்டிவிடும் சிபி பாயிண்ட் இருக்கும். அதில் பூத்திருந்தால் ஸ்பார்க் வராது. நைஸ் எமரியால் ஒரே ஒரு தேய்ப்பு, பிறகு சுத்தமான காகிதத்தை நடுவே விட்டு இழு. இடைவெளி நான் வந்து பார்க்கிறேன். பெட்ரோல் ஒரு லிட்டருக்கு டூ ஸ்ட்ரோக் ஆயில் 40 மில்லி.

ஜஸ்டின், 11:12
கடைக்காரர் 20 மில்லி போதும் என்றார்.

செல்வம் சித்தப்பா, 11:14
அது புது மெஷினுக்கு, நல்ல ஆயிலுக்கு. இதற்கு 25க்கு 1. கொஞ்சம் புகையும், பரவாயில்லை. சங்கிலிக்கு ஊற்றும் ஆயில் டேங்கில் பைக்கிலிருந்து வடித்த கருப்பு ஆயிலை ஊற்றாதே. அதில் இரும்புத் தூள் இருக்கும், பம்பைத் தின்றுவிடும்.

பினு (ஷார்ஜா), 11:15
தாத்தா அதைத்தானே ஊற்றுவார்

செல்வம் சித்தப்பா, 11:15
அதனால்தான் பம்பை இரண்டு தடவை மாற்றினோம்.

மினி அக்கா, 11:30
இவ்வளவு பாடு எதற்கு? பாறசாலையில் எங்கள் வீட்டுப் பக்கமே மரம் அறுக்கும் தடிமில். லாரியில் ஏற்றுங்கள், பேண்ட்சா வாளில் போட்டு மத்தியானத்துக்குள் பலகை.

தங்கராஜ் பெரியப்பா, 11:33
களியக்காவிளை எல்லையில் நிறுத்திப் பேப்பர் கேட்பான். லாரி வாடகை யார் கொடுப்பது?

செல்வம் சித்தப்பா, 11:41
மினி சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. பேண்ட்சா அறுத்தால் இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் தூளாகப் போகும். நம் வாளின் சங்கிலி ஒவ்வொரு அறுப்புக்கும் கிட்டத்தட்ட ஒன்பது மில்லிமீட்டர் தின்னும். நாலு பலகைக்கு ஒரு பலகை தூள். ஆனால் லாரி கிணற்றடிக்கு வராது. யானை வைத்து இழுக்கும் காலமும் இல்லை. அங்கேயே அறுத்தால் பலகையாகத் தலையில் சுமந்து வரலாம்.

லீலா அத்தை, 11:50
தடிக்கு வியாபாரி யாராவது வந்தாரா?

ஜஸ்டின், 11:52
காலையிலேயே ஒருவர் வந்தார். டேப் பிடித்தார். சுற்று 80 அங்குலம், நேராக 12 அடி. 33 கன அடி என்றார்.

செல்வம் சித்தப்பா, 11:59
கணக்கு சரி, ஆனால் அது வியாபாரி கணக்கு. சுற்றளவில் நாலில் ஒன்று 20. இருபதை இருபதால் பெருக்கி நீளத்தால் பெருக்கி 144ஆல் வகுத்தால் 33. மரம் உருண்டை. உண்மையான கன அளவு 42க்கு மேல் வரும். புறணி, பட்டை, கழிவு என்று அந்த ஒன்பதை முதலிலேயே கழித்துவிடுவார்கள். வெள்ளைக்காரன் காலத்துக் கணக்கு.

லீலா அத்தை, 12:02
98இல் தேக்கு எத்தனை கன அடி அண்ணன்?

தங்கராஜ் பெரியப்பா, 12:02
சாப்பிடப் போகிறேன்.

லீலா அத்தை, 12:06
நான் ஒன்று சொல்லிவிடுகிறேன். கிணற்றடி என் பங்கில் வருகிறது. வேண்டாம் என்று சொல்லவில்லை. ஷைனி எனக்கும் மகள்தான். ஆனால் யாரும் என்னிடம் கேட்கவில்லை.

சாந்தா, 12:08
மைனி, வேர் உங்கள் பக்கம், தடி தொழுவத்தின் மேல்.

மினி அக்கா, 12:08
கிளை எங்கள் வாழை மேல். மூன்று பங்கு.

பிரேமா சித்தி, 12:15
மைனி, நான் கேட்கிறேன். இப்போது கேட்கிறேன். அறுக்கலாமா?

லீலா அத்தை, 12:31
நாளை நான் வந்த பிறகு.

செல்வம் சித்தப்பா, மதியம் 2:40
வந்துவிட்டேன். மரத்தைப் பார்த்தேன். ஜஸ்டின், நான் சொல்லும்வரை யாரும் அதில் கத்திகூட வைக்கக் கூடாது. பினு, நீயும் வாசி, ஊருக்கு வரும்போது உதவும். தடி நடுவில் தொழுவச் சுவரில் தாங்கி, நுனி காற்றில் தொங்குகிறது. நுனிப் பக்கத்தில் மேல் நார்கள் இழுபட்டு நிற்கும், அடி நார்கள் நசுங்கி நிற்கும். அங்கே முதலில் அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு, பிறகு மேலிருந்து. மாற்றி அறுத்தால் தடி நீளவாக்கில் பிளந்து முகத்துக்கு வரும். வேருக்கும் சுவருக்கும் நடுவே நேர் எதிர். இரண்டு பக்கமும் தாங்கல், அதனால் மேலே நசுங்கல். மேலிருந்து ஆழமாகப் போனால் பாரைக் கவ்விக்கொள்ளும், பிறகு வாளை எடுக்க இன்னொரு வாள் வேண்டும். ஆப்பு அடித்துக்கொண்டே போக வேண்டும், இரும்பு ஆப்பு அல்ல, மரம். கடைசியாக வேர். தடியை அறுத்துவிட்ட நொடியில் அந்த வேர் பழையபடி எழுந்து குழிக்குள் உட்காரும். அந்தக் குழியில் பிள்ளைகள் விளையாடுவதை இப்போதுதான் பார்த்தேன். கயிறு கட்டிவிட்டேன்.

சாந்தா, 2:43
என் தெய்வமே. ஏய், டேனி, இறங்கு.

பினு (ஷார்ஜா), 2:44
சித்தி, இது குழு. டேனி போனில் இல்லை.

தங்கராஜ் பெரியப்பா, 2:50
செல்வம், வாளை நீ பிடிக்காதே. அதில் பிரேக் கிடையாது. பார் நுனி எதிலாவது முட்டினால் நேரே கழுத்துக்கு எறியும். உனக்குச் சர்க்கரை, கை நடுக்கம்.

செல்வம் சித்தப்பா, 2:52
பிறகு யார்?

தங்கராஜ் பெரியப்பா, 2:58
ஓகி அன்று யார் பிடித்தது? மலைப் பாதை முழுக்க ரப்பர். கோயில் வரை நான்தான் அறுத்தேன். மூன்று நாள் விரல் வெளுத்து மரத்துக் கிடந்தது.

லீலா அத்தை, 3:01
அது உண்மை.

மினி அக்கா, 3:01
லீலா அம்மா மாமாவைப் பாராட்டிய நாள். தேதி குறித்துக்கொள்ளுங்கள்.

பிரேமா சித்தி, 3:20
சமையல்காரர் எனக்கே போன் செய்தார். நானூறா ஐந்நூறா என்று கேட்கிறார்.

செல்வம் சித்தப்பா, 3:36
சங்கிலி விறகுக்கு ராவினது, 30 டிகிரி. பலகைக்கு 10 டிகிரி போதும், நீளவாக்கில் ஓடும்போது நேராகப் போகும். 5.5 மில்லி உருட்டு அரம், பல்லுக்குப் பல் அதே எண்ணிக்கை. ஒரு பக்கம் கூடினால் வாள் அந்தப் பக்கம் வளையும். ஜஸ்டின் எண்ணுகிறான்.

ஜஸ்டின், 3:37
நாலு தேய்ப்பு. நாற்பத்திரண்டாவது பல். பேச வைக்காதீர்கள்.

பிரேமா சித்தி, 3:38
ஐந்நூறு என்று சொல்லிவிட்டேன்.

செல்வம் சித்தப்பா, மாலை 5:17
[வீடியோ 0:09]

பினு (ஷார்ஜா), 5:18
அந்தச் சத்தம்!!

லீலா அத்தை, 5:19
அப்பா வருகிற மாதிரி இருக்கிறது.

மினி அக்கா, 5:20
ஒன்பது நொடிதான் ஓடியதா?

ஜஸ்டின், 5:21
நாலு நொடி. மீதி சித்தப்பா சிரிப்பது.

தங்கராஜ் பெரியப்பா, 5:24
டயாஃப்ரம் மாற்றணும். மார்த்தாண்டத்தில் கிடைக்கும். திங்கள்கிழமைதான் கடை.

செல்வம் சித்தப்பா, 5:26
அப்போ நாளை அறுக்க வேண்டிய கோட்டுக்கு நூல் போட்டு வைப்போம். கரித்தண்ணீர் நான் கரைக்கிறேன். தடி 12 அடியாகவே இருக்கட்டுமா, ஏழும் ஐந்துமாகத் துண்டாக்கவா? கட்டிலுக்கு ஏழு போதும்.

லீலா அத்தை, 5:30
ஐந்து எனக்கு.

தங்கராஜ் பெரியப்பா, 5:31
முதலில் கூலி யார், டயாஃப்ரம் யார் என்று பேசுவோம்.

ஜஸ்டின், 5:33
நாளை ஞாயிறு. ஆராதனை முடிந்துதான்.

செல்வம் சித்தப்பா, 5:34
முடிந்து. ஆப்பு இருக்கிறவர்கள் கொண்டு வாருங்கள்.

லீலா அத்தை, 5:36
அண்ணன், வரும்போது நோட்டும்.

பிரேமா சித்தி, 5:52
ஷைனி அப்பா, போனை எடுங்கள். பந்தல்காரர் வாசலில் நிற்கிறார், முற்றத்தில் மரம் கிடக்கிறதே என்கிறார்.