பிரான்ஸின் தோர்தோன் ஆற்றோரப் பழைய ஊர்கள்: போகிறவர்களுக்குப் பலர் சொல்லும் சில விஷயங்கள்

சார்லா ஊரில் தங்கினால் தொம், லா ரோக்-கஜாக், பெய்னாக் ஆகிய மூன்று ஊர்களும் 15 கிலோமீட்டருக்குள். போர்தோ நகரிலிருந்து சார்லா வரை நேரடி ரயில் உண்டு. அதன்பின் கார் இல்லாமல் கஷ்டம்தான். சார்லாவில் சந்தை புதனும் சனியும். சனிக்கிழமை காலை ஒன்பதுக்குள் வண்டியை நிறுத்திவிடுங்கள், பிறகு இடம் கிடைக்காது.

*

பெட்ரோல் பங்கில் 'கசோல்' என்று எழுதியிருந்தால் அது டீசல். கேசோலின், அதாவது பெட்ரோல், என்று நினைத்து அடித்தால் எஞ்சினைக் கிளப்பாதீர்கள், டேங்கைக் காலி செய்தாக வேண்டும். ஞாயிறன்று பெரும்பாலும் ஆளில்லாத பங்குதான், கார்டு மட்டுமே. அடித்ததைவிடப் பெரிய தொகையை முதலில் பிடித்துவைத்துப் பிறகு விடுவிப்பார்கள், பதற வேண்டாம். ஜிபிஎஸ்ஸில் ஊர்ப்பெயரோடு அஞ்சல் எண்ணையும் போடுங்கள். ஒரே பெயரில் பிரான்ஸ் முழுக்க ஊர்கள். தோர்தோன் மாவட்டத்துக்கு 24-இல் தொடங்கும்.

*

சாப்பாட்டை யாருமே சொல்லவில்லையே! மதியம் ஒன்றரைக்கு மேல் போனால் சமையலறை மூடியாச்சு என்பார்கள். சைவக்காரர்கள் கவனம்: 'சார்லாதேஸ்' உருளைக்கிழங்கு வாத்துக் கொழுப்பில் வறுத்தது. பார்த்தால் தெரியாது, கேட்டுவிடுங்கள்.

*

தொம், லா ரோக்-கஜாக், பெய்னாக் மூன்றோடு நிறுத்தாமல் மொன்பாசியே ஊரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சார்லாவிலிருந்து காரில் ஒரு மணி நேரம். தென்மேற்கு பிரான்ஸின் அக்கித்தேன் பகுதியைக் கையில் வைத்திருந்த இங்கிலாந்து அரசர் முதலாம் எட்வர்ட் 1284-இல் அமைத்த ஊர் இது. சுமார் 400 மீட்டருக்கு 220 மீட்டர், கோடு போட்டு மனை பிரித்த செவ்வகம். வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லாத சந்து தெரியும்; 'ஆந்த்ரோன்' என்பார்கள். ஒரு வீட்டில் பிடித்த தீ அடுத்ததற்குத் தாவாமலிருக்க, கழிவுநீர் ஓட. நடுச் சதுக்கத்தின் மரக்கூரைச் சந்தை மண்டபத்தில் பழைய தானிய அளவைகள் இருக்கின்றன, பலர் பார்க்காமலே போகிறார்கள். தொம் ஊரோ பிரெஞ்சு அரசர் மூன்றாம் பிலிப் 1281-இல் எழுப்பியது. அதுவும் இதே மாதிரித் திட்டம்தான், ஆனால் குன்றின் உச்சிக்கு ஏற்றபடி வளைந்துபோனது. இரண்டையும் ஒரே நாளில் பார்த்தால் வித்தியாசம் புரியும்.

*

முழங்கால் வலிக்காரர்கள், குழந்தை வண்டி தள்ளுகிறவர்கள் பெய்னாக் கோட்டைக்கு எப்படிப் போவது?

*

பெய்னாக்கில் வண்டியை ஆற்றோரத்தில் நிறுத்தினால் செங்குத்தான கல் பாவிய ஏற்றம். மழை பெய்தால் சுண்ணாம்புக்கல் வழுக்கும். கோட்டைக்குப் பக்கத்திலேயே மேலே வண்டி நிறுத்துமிடம் இருக்கிறது. மலையைச் சுற்றிக்கொண்டு அங்கே போங்கள். கீழே வீடுகளைப் பார்க்க ஒருவர் மட்டும் இறங்கலாம். லா ரோக்-கஜாக்கில் இந்தச் சிக்கல் குறைவு, ஆற்றங்கரைத் தெரு சமதளம். செங்குத்துப் பாறையோடு ஒட்டிய ஊரை முழுதாகப் பார்க்கப் படகுதான் சரி. அதே பாறைதான் 1957-இல் சரிந்து வீடுகளை நொறுக்கியது. மேலே ஏறும் பாதை மூடியிருந்தால் காரணம் அதுபோன்ற பயம்தான்.

*

நவம்பருக்குப் பிறகு போகிறவர்கள் கவனிக்க: சின்ன ஊர்களில் உணவகங்கள் பாதி மூடிவிடும். சார்லா சனிச் சந்தையோ வருஷம் முழுக்க நடக்கும்.