100 வாட்டில் மட்டும் குரல் உடைகிறது: சோக்கை (தடுப்புச் சுருளை) எங்கே போடலாம்?

வணக்கம் அண்ணன்மாரே. சுங்கை சிப்புட் பக்கம், தோட்டத்து வீடு, தகரக் கூரை. ஹாம் ரேடியோ யாயேசு (Yaesu) எஃப்டி-891. 7 மெகாஹெர்ட்ஸில், எல்எஸ்பி என்ற குரல் முறையில், 20 வாட் வரை குரல் சுத்தம். 100 வாட்டுக்கு ஏற்றினால் கரகரவென்று உடைகிறது என்று ஈப்போ நண்பர் சொல்கிறார். மைக்கின் இரும்பு உடம்பு உதட்டில் பட்டால் சுருக்கென்கிறது.

தீபாவளிக்குப் பிறகு டைபோலை (நடுவில் இணைக்கும் ஆண்டெனாவை) கழற்றிவிட்டு, ரம்புத்தான் மரத்துக்கு எண்ட்-ஃபெட் கம்பி (ஒரு முனையில் மட்டும் இணைக்கும் ஆண்டெனா) இழுத்தேன், அதை கேபிளோடு பொருத்தும் 49:1 டிரான்ஸ்ஃபார்மரோடு. அதிலிருந்துதான் இந்தத் தொல்லை.

மைக் கெயினைக் குறைத்தேன், குரலை அழுத்தி உரப்பாக்கும் கம்ப்ரெசரை அணைத்தேன், ஏஎல்சி (அளவு மீறாமல் காக்கும் கட்டுப்பாடு) மீட்டரும் எல்லைக்குள்தான் நிற்கிறது. டைனமிக் மேசை மைக்கை எடுத்துவிட்டு ரேடியோவோடு வந்த கை மைக்கைப் போட்டால் கொஞ்சம் தேவலை, ஆனால் போகவில்லை. மைக் வயரில் ஃபெரைட் (காந்தப் பொருள் உறை) மாட்டியும் அப்படியே. டம்மி லோடில் (ஆண்டெனாவுக்குப் பதில் மாட்டும் சோதனைச் சுமை) 100 வாட்டும் சுத்தமாக இருப்பதால் ரேடியோவில் குறையில்லை, கோஆக்ஸின் (ஆண்டெனா கேபிளின்) வெளிப்புறம் வழியாக ஆர்எஃப் (ரேடியோ அலை மின்னோட்டம்) உள்ளே வருகிறது என்றே நினைக்கிறேன். (பக்கத்து வீட்டு அக்காவின் டிவியும் அதையே சொல்கிறது.)

கைவசம் எஃப்டி240-43 ஃபெரைட் வளையம் ஒன்றுதான் உள்ளது. அதில் கோஆக்ஸைச் சுற்றி சோக் செய்தால், டிரான்ஸ்ஃபார்மரை ஒட்டிப் போடுவதா, ரேடியோ பக்கம் போடுவதா?