தானாக ஏறுகிறாள், ஆனால் டிரெய்லர் நகர்ந்ததும் பதறுகிறாள். என்ன செய்யலாம்?

செவலைக்காரி:
வணக்கம். என்னிடம் ஒன்பது வயதுச் செவலைப் பெட்டைக் குதிரை இருக்கிறாள். இரண்டு குதிரைகள் நிற்கக்கூடிய டிரெய்லரில் இடப்பக்க அறையில் தனியாகத்தான் கூட்டிப்போகிறோம். ஏறுவதற்கு ஒரு தொல்லையும் இல்லை. சாய்பலகையை இறக்கினால் தானாகவே உள்ளே போய்விடுவாள். வண்டி கிளம்பிப் பத்து நிமிடத்துக்குள் தடதடவென்று உதைக்கும் சத்தம் கேட்கும். இறக்கும்போது கழுத்தும் விலாவும் வியர்வையில் நனைந்திருக்கும், சாணம் தண்ணீராகப் போயிருக்கும். போன மாதம் ஒரு வளைவில் கீழே சரிந்தே விட்டாள். எழுந்துவிட்டாள், பெரிய அடி இல்லை. ஆனால் அன்றிலிருந்து அவளை ஏற்றும்போதெல்லாம் எனக்குக் கை நடுங்குகிறது. மயக்க ஊசி போட்டுக் கூட்டிப்போகச் சொல்கிறார் ஒருவர். செய்யலாமா?

பழைய லாயம்:
ஊசியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள் அம்மா. தானாக ஏறுகிற குதிரைக்குப் பெட்டியைப் பார்த்துப் பயம் இல்லை. ஓடும்போது நிற்க முடியவில்லை, அதுதான் பயம். மூன்று விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். எந்தப் பக்கம் திரும்பும்போது உதைக்கிறாள்? நடுத்தடுப்பு தரைவரை இறங்குகிறதா? சுவரில் லாடம் கீறிய தடம் எங்கே இருக்கிறது?

செவலைக்காரி:
இப்போதுதான் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு வருகிறேன். இடப்பக்கச் சுவரில், என் முழங்கால் உயரத்தில், அரைவட்டம் அரைவட்டமாகக் கீறல்கள். ஒன்றின்மேல் ஒன்று, இருபதுக்கு மேல் இருக்கும். சில இடங்களில் பெயிண்ட் உரிந்து தகரம் தெரிகிறது. இத்தனை நாள் எப்படிக் கவனிக்காமல் விட்டேன் என்று நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது. தடுப்பு தரைவரை இருக்கிறது. உதைப்பது பெரும்பாலும் இடப்பக்கம் திரும்பும்போதுதான் என்கிறான் வண்டி ஓட்டும் தம்பி.

பழைய லாயம்:
அப்படியென்றால் புரிகிறது. வண்டி இடப்பக்கம் திரும்பினால் அவள் உடம்பு வலப்பக்கம் தள்ளப்படும். விழாமல் இருக்கக் காலை அகட்டி ஊன்ற வேண்டும். ஓடும் பேருந்தில் கம்பியைப் பிடிக்காமல் நிற்கும்போது நாம் செய்வதும் அதுதானே. அவளுக்கு வலப்பக்கம் தடுப்பு தரைவரை நிற்பதால் காலை வைக்க இடம் இல்லை. உடம்பைத் தடுப்பின்மேல் சாய்த்துவிடுகிறாள், குளம்பு இடப்பக்கமாக வழுக்குகிறது, பிடிமானம் தேடிச் சுவரில் ஏறுகிறது. நீங்கள் பார்த்த தடம் அதுதான். அவள் முரண்டு பிடிக்கவில்லை, விழாமல் இருக்கப் பார்க்கிறாள்.

ஒரே குதிரைதானே, நடுத்தடுப்பைக் கழற்றிவிடுங்கள். ஆனால் நெஞ்சுக்கு முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாக டிரெய்லரின் முழு அகலத்துக்கும் வரும் கம்பிகள் கட்டாயம் வேண்டும். தடுப்பில் மாட்டும் குட்டைக் கம்பிகளை வைத்துச் சமாளிக்காதீர்கள். தரை ரப்பர் விரிப்பு வழுக்குகிறதா என்றும் பாருங்கள். அதைத் தூக்கி, அடியில் பலகை உளுத்திருக்கிறதா என்று குத்திப் பார்த்துவிடுங்கள்.

அப்புறம் தம்பியிடம் ஒரு வேலை சொல்லுங்கள். குதிரை இல்லாத டிரெய்லரில் ஒரு வாளியில் பாதி அளவு தண்ணீர் வைத்து வழக்கமாகப் போகிற வழியில் ஓட்டட்டும். வந்து இறங்கி வாளியைப் பார்க்கட்டும்.

கால்நடை மருத்துவர்:
ஊசி பற்றி நானும் சொல்லிவிடுகிறேன். பதற்றம் தணிக்கும் மருந்து தசையையும் தளர்த்தும். நிற்கத் தடுமாறும் குதிரைக்கு அதைக் கொடுத்து ஓடும் வண்டியில் ஏற்றினால் விழும் ஆபத்து இன்னும் கூடும். நேரில் பரிசோதித்த மருத்துவர் சொல்லாமல் வேண்டாம். ஏற்கெனவே ஒருமுறை விழுந்திருப்பதால் கால், இடுப்பு, முதுகு மூன்றையும் ஒருமுறை காட்டிவிடுங்கள். வலி இருந்தாலும் சமநிலை கெடும்.

தலையை உயர்த்திக் கட்டி வைத்திருக்கிறீர்களா? குதிரை தலையைத் தாழ்த்தினால்தான் மூச்சுக்குழாயில் சேரும் சளியும் தூசும் வெளியே வரும். பல மணி நேரம் தலை மேலேயே இருந்தால் நுரையீரலில் தொற்று வரலாம். தூரப் பயணமென்றால் 3 அல்லது 4 மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தி, தலையைத் தாழ்த்த விட்டுத் தண்ணீர் காட்டுங்கள். உலர்புல்லை நனைத்துக் கொடுங்கள். ஊர் சேர்ந்த பிறகு இரண்டு மூன்று நாள் உடல் வெப்பம் பாருங்கள், 38.5 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் காத்திருக்க வேண்டாம்.

பழைய லாயம்:
கட்டுகிற வரிசையும் முக்கியம். பின்கம்பியைப் போட்ட பிறகுதான் தலைக்கயிற்றைக் கட்ட வேண்டும். இறக்கும்போது முதலில் கயிற்றை அவிழ்த்துவிட்டு, பிறகு கம்பியை எடுக்க வேண்டும். மாற்றிச் செய்து, கட்டியிருக்கும் குதிரை பின்னால் பாய்ந்தால் என்ன ஆகும் என்பதை ஒருமுறை பார்த்திருக்கிறேன். இன்னொரு முறை பார்க்க மாட்டேன்.

செவலைக்காரி:
மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். வாளியில் அடியில் நாலு விரல் தண்ணீர்தான் மிச்சம் இருந்தது. தம்பி ஒன்றும் பேசவில்லை. மறுநாள் தானாகவே வாளியை வைத்து மறுபடி ஓட்டிப் பழகினான். இப்போது வளைவுக்கு வெகுமுன்பே வேகத்தைக் குறைக்கிறான், திரும்பி முடித்து டிரெய்லர் நேரான பிறகுதான் வேகம் எடுக்கிறான்.

மருத்துவர் பார்த்துவிட்டார், காலிலும் முதுகிலும் குறை இல்லை. தடுப்பை எடுத்து முழுக் கம்பிகள் போட்டாயிற்று. முதல் வாரம் வண்டியை நகர்த்தவே இல்லை. ஏற்றுவது, தின்னக் கொடுப்பது, இறக்குவது, அவ்வளவுதான். அடுத்து இன்ஜினை மட்டும் ஓட விட்டோம். பிறகு வாசலிலிருந்து கேட் வரை. நேற்று 15 நிமிடம் சாலையில் போனோம். இடப்பக்கத் திருப்பம் வந்தபோது நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஒரே ஒரு முறை குளம்பு நகரும் சத்தம், அவ்வளவுதான். திறந்து பார்த்தால் நான்கு காலையும் அகட்டிக் கொஞ்சம் குறுக்காக நிற்கிறாள், வாயில் புல் தொங்குகிறது. கழுத்து காய்ந்திருந்தது, காதுக்குப் பின்னால் மட்டும் லேசான ஈரம்.

அடுத்து அரை மணி நேரப் பயணத்துக்குப் போகலாமா?

பழைய லாயம்:
இந்த 15 நிமிடத்தையே இன்னும் மூன்று நான்கு முறை போங்கள் அம்மா. காதுக்குப் பின்னாலும் காய்ந்து வந்த பிறகு நேரத்தைக் கூட்டலாம்.