ஒரே நாளில் ஒருத்தர் பார்வை மாறிவிடுமா?

வெண்ணாற்றங்கரை:
"அந்த ஒரு நாள் என் வாழ்க்கையையே புரட்டிப் போட்டது" என்று பேட்டிகளில் ஆளாளுக்குச் சொல்கிறார்கள். எனக்கென்னவோ அதில் பாதி பின்னால் சேர்த்த ஜோடனை என்றுதான் தோன்றுகிறது. ரொம்ப நாளாக உள்ளே ஊறியது ஒரு நாள் வெளியே வருகிறது, அந்த நாளுக்கு மட்டும் மாலை போட்டுவிடுகிறோம், அவ்வளவுதானே? படித்தது, உங்களுக்கே நடந்தது, எதுவானாலும் சொல்லுங்கள். வாட்ஸப் கதை மட்டும் வேண்டாம்.

மாசிவீதி:
உங்கள் கட்சிக்கு எங்கள் ஊரே சாட்சி. 1921 செப்டம்பர் 22, மதுரையில் காந்தி சட்டையைக் கழற்றினார். ஏழை விவசாயியைப் பார்த்தார், உடனே மாறினார் என்றுதான் பள்ளிக்கூடத்தில் கேட்டோம். அவரே எழுதியதைப் படித்தால் கதை வேறு. முதலில் வங்காளத்துப் பாரிசாலில் இந்த எண்ணம் வந்திருக்கிறது, குல்னா ஜனங்கள் பட்டினியிலும் துணியில்லாமலும் சாகும்போது நீங்கள் அன்னியத் துணியைக் கொளுத்துகிறீர்களே என்று குத்திக்காட்டியபோது. அப்புறம் தன்னோடு போராடிய மௌலானா முகமது அலியைக் கைது செய்தபோது மறுபடியும். இரண்டு தடவையும் தள்ளிப்போட்டார். கடைசியில் மதுரைக்கு வரும் ரயிலில், அன்னியத் துணி உடுத்தியிருந்தவர்களிடம் கதர் கட்டச் சொல்ல, அதை வாங்க எங்களிடம் ஏது காசு என்று கேட்டுவிட்டார்கள். இவரோ சட்டை, தொப்பி, முழு வேட்டியோடு உட்கார்ந்திருக்கிறார். அதற்கு என்ன பதில் சொல்வது? மேல மாசி வீதி வீட்டு மாடியில் தங்கிய இரவில் முடிவெடுத்தார். அதிலும் பாருங்கள், குறைந்தது அக்டோபர் 31 வரைக்கும் என்று கெடு வைத்துத்தான் ஆரம்பித்தார்! அந்தக் கெடு 1948 வரை நீண்டது.

நிலாச்சோறு:
அருமை அண்ணே. ஆனால் ஊறாமலே வருவதும் உண்டு. 1968 டிசம்பர் 24, நிலாவைச் சுற்றிவரப் போன அமெரிக்க விண்கலம் அப்போலோ 8. மூன்று பேரும் நிலாவைப் பார்க்கப் போனவர்கள், பூமியைப் படமெடுப்பது யார் மனதிலும் பெரிதாக இல்லை. விண்கலம் திரும்பியிருந்த வாக்கில் முதல் மூன்று சுற்றிலும் பூமி கண்ணில் படவே இல்லை. நாலாவது சுற்றில் நிலா விளிம்புக்கு மேலே நீலமாக எழுகிறது, பில் ஆண்டர்ஸ் கலர் ஃபிலிம் கொடு, சீக்கிரம் என்று கூட இருந்த லவலை அவசரப்படுத்துவது ஒலிப்பதிவிலேயே இருக்கிறது. பிற்காலத்தில் அந்தக் காட்சி தன் மதநம்பிக்கையை ஆட்டிவிட்டதாக ஆண்டர்ஸ் சொன்னார். 1971இல் அப்போலோ 15இல் போன ஜேம்ஸ் இர்வினுக்கு நேர் எதிர். திரும்பி வந்து ஊழியத்தில் இறங்கி, பைபிளில் வரும் நோவாவின் பேழையைத் தேடி துருக்கியில் அராரத் மலை ஏறினார். அதே பூமி, ஒருத்தரைச் சாமியிடமிருந்து விலக்கியது, இன்னொருத்தரைக் கிட்டக் கொண்டுபோனது.

வெண்ணாற்றங்கரை:
இர்வின் ஏற்கெனவே தேவாலயத்துக்குப் போய்வந்தவர்தானே, அதனால் இதுவும் என் பக்கம்தான் :) ஆண்டர்ஸ் விஷயத்தில் மாட்டிக்கொண்டேன், ஒத்துக்கொள்கிறேன்.

கரைவலை:
நான் நாகை மாவட்டம், கடற்கரை ஊர். 2004 டிசம்பர் 26, சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை, அப்பா போட்டில் தூரமாக உள்ளே இருந்தார். அங்கே தண்ணீர் லேசாக ஏறி இறங்கியது போல இருந்ததாம், அவ்வளவுதான். கரைக்கு வரும் வழியில் கூரைக் கீற்றும் பாத்திரமும் மிதப்பதைப் பார்த்த பிறகுதான் விஷயமே புரிந்திருக்கிறது. அம்மா கரையில் இருந்தவர், மாடி வீட்டுப் படியில் ஏறித் தப்பியவர். ரேஷன் கார்டு, பட்டா, பாஸ்புக் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு முடிச்சுப்போட்டு வாசல் பக்க ஆணியில் மாட்டியிருப்பார், இன்றைக்கும். பீரோ இருக்கிறதே என்றால் கேட்கமாட்டார். என்னையும் தம்பியையும் கடல் பக்கமே விடவில்லை, நான் இப்போது திருப்பூரில் கணக்கு எழுதுகிறேன். இது ஊறிவந்தது இல்லை சார், சனிக்கிழமை வரைக்கும் அம்மா மனதில் அப்படி ஒரு பயமே கிடையாது.

வெண்ணாற்றங்கரை:
இதற்கு என்னிடம் பதில் இல்லை. அப்பா மறுபடி எப்போது கடலுக்குப் போனார்?

கரைவலை:
அவர் சீக்கிரமே கிளம்பத் தயார்தான், ஆனால் பிடித்து வந்தாலும் வாங்க ஆளில்லை. கடலில் பிணம் கிடந்ததே, அந்த மீனைத் தின்பதா என்று கொஞ்ச காலம் ஜனங்கள் மீன் பக்கமே போகவில்லை. அது அடங்கிய பிறகு போனார், அம்மா ஒரு வாரம் அவரோடு பேசவில்லை.