வேலைக்குப் போகும் வழியில் விபத்து, கம்பெனி அறிக்கை தரவில்லை: ஈ.எஸ்.ஐ பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் லேத் ஓட்டுகிறேன், சம்பளம் 18,500, நான்கு வருடமாக ஈ.எஸ்.ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடிக்கிறார்கள். மூன்று வாரம் முன்பு காலை ஷிப்டுக்குப் போகும்போது வண்டி சறுக்கி வலது மணிக்கட்டு உடைந்துவிட்டது. மாவுக்கட்டு இன்னும் பிரிக்கவில்லை, சட்டைப் பட்டனைக்கூட மனைவிதான் போட்டுவிடுகிறாள்.

டிஸ்பென்சரியில் வாரவாரம் சர்டிபிகேட் வாங்கி வைத்திருக்கிறேன். வேலைக்குப் போகிற வழியில் நடந்த விபத்தும் பணிக்காயம்தான், சம்பளத்தில் 90 சதவீதம் வரும், ஆனால் எச்.ஆர் சாதாரண நோய் விடுப்பாகப் போடச் சொல்கிறார், அப்படிப் போட்டால் 70 சதவீதம்தான், அதுவும் வருடத்துக்கு 91 நாள் வரைதான். விபத்து அறிக்கை கேட்டு இரண்டு முறை நேரில் போனேன், அப்புறம் மெயிலும் அனுப்பினேன், பதிலே இல்லை.

கம்பெனி அறிக்கை இல்லாமல் நானே நேராக ஈ.எஸ்.ஐ கிளை அலுவலகத்தில் பணிக்காயம் என்று விண்ணப்பிக்க முடியுமா?